கடற்கரைச் சாலையும் என் மனைவியின் கேன்வாஸ் ஷூவும்

சென்ற வாரம் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் விடியற்காலை வானம் வெளுத்ததும் என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க வர்றதுன்னா வாங்க, நான் கிளம்பறேன்" என்றாள். அவளுக்கு வயது 71. அவள் தெருமுனை திரும்பிய பிறகு காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். என் அம்மா தன் வாழ்நாளில் ஒருநாளாவது "நடந்துட்டு வர்றேன்" என்று சொல்லி வீட்டைவிட்டு வெளியே போயிருக்கிறாளா? கடைக்குப் போயிருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள், குழாயடிக்குப் போயிருக்கிறாள், உறவுக்காரர் வீட்டு இழவுக்குப் போயிருக்கிறாள். சும்மா நடப்பதற்கென்று போனதே இல்லை. எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒன்றும் தொலைவில் இல்லை. ஆனாலும் அம்மா கடலைப் பார்த்தது வருஷத்துக்கு ஒருமுறை, மாசி மகத்தன்று, வைத்திக்குப்பத்தில், தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும் சாமிகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில்தான்.

ஒரு தலைமுறைக்குள் இது எப்படி மாறிற்று என்பதைத்தான் இன்றைக்கு எழுதப் பார்க்கிறேன். மக்களை ஆட வைப்பது, ஓட வைப்பது, ஆரோக்கியமாக வைப்பது நகரத்தின் கடமை என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு விளையாட்டரங்கம் கட்ட வேண்டும், பயிற்சியாளர் போட வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும் என்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் நம் புதுச்சேரியில் என்னைப்போன்ற ஆயிரக்கணக்கானவர்களை நடக்க வைத்தது அவை எதுவும் இல்லை. ஒரு சாலையின் இரு முனையிலும் போலீஸ்காரர் இழுத்து வைத்த இரும்புத் தடுப்புதான்.

அந்தச் சாலையின் பழைய பெயரிலிருந்து தொடங்குகிறேன். இன்றைக்கு அது குபேர் சாலை, வெளியூர்க்காரர்களுக்கு பீச் ரோடு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அது 'கூர் ஷப்ரோல்'. ஷப்ரோல் என்பவர் 1820-களில் பாரீசில் கடற்படைக்கும் காலனிகளுக்கும் அமைச்சராக இருந்தவர். அவரை விட்டுவிடலாம், முன்னால் இருக்கிற 'கூர்' என்ற சொல்தான் எனக்கு முக்கியம். பிரெஞ்சில் தெருவுக்கு 'ரூய்' என்று ஒரு சொல் இருக்கிறது, பெரிய சாலைக்கு 'அவென்யூ' இருக்கிறது, ஊரைச் சுற்றி வருவதற்கு 'புல்வார்' இருக்கிறது. இவை எதையும் வைக்காமல் 'கூர்' என்று வைத்தார்கள். எக்ஸ் என்கிற தென்பிரான்சு ஊரில் 'கூர் மிராபோ' என்று ஒன்று உண்டு. ஜனங்கள் மாலையில் உடுத்திக்கொண்டு வந்து உலாவுவதற்கென்று விட்ட அகலமான இடத்துக்குத்தான் அந்தப் பெயர். அதாவது அந்தச் சாலை பிறக்கும்போதே போக்குவரத்துக்காகப் பிறக்கவில்லை. பள்ளியில் எங்களுக்கு இதைச் சொன்ன வாத்தியார், "கூர் என்றால் நேரத்தைப் போக்குகிற தெரு" என்று ஒரு விளக்கம் கொடுத்தார். இலக்கணப்படி சரியா என்று தெரியாமலே நாங்கள் கைதட்டினோம்.

ஊரின் அமைப்பே நடப்பதற்குத் தோதானது. 1761-இல் ஆங்கிலேயர் பிடித்துத் தரைமட்டமாக்கிய ஊரை 1765 முதல் ழான் லோ தலைமையில் திரும்பக் கட்டினார்கள். நேர்கோட்டுத் தெருக்கள், மேடுபள்ளம் கிடையாது, ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியும். மதில் இருந்த இடத்தில் பின்னாளில் புல்வார்கள் வந்தன. வடக்கு, மேற்கு, தெற்கு புல்வார்களைச் சுற்றி வந்து கிழக்கே கடலில் முடித்தால் ஊரை ஒருமுறை வலம் வந்தாயிற்று. எங்கள் பள்ளியின் ஜிம்னாஸ்டிக் ஆசிரியர், இந்தோசீனாவில் இருந்து திரும்பிய பழைய சொல்தா, சரியாக வரிசையில் நிற்காதவனை "புல்வாரைச் சுற்றிவிட்டு வா" என்று அனுப்புவார். ஓடிப்போய்ப் பெரிய மார்க்கெட்டில் ஒளிந்துகொண்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து வேர்வை மாதிரிக் காட்டித் திரும்பியவர்களும் உண்டு. அதில் ஒருவன் பிறகு பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து முப்பது கிலோமீட்டர் மூட்டையோடு நடந்தானாம். கடிதம் எழுதியிருந்தான், ரொம்ப நொந்துபோய்.

பையன்களாகிய எங்களுக்கு இப்படி ஒரு வழி இருந்தது. பள்ளி மாதாந்திரச் சீட்டில் உடற்பயிற்சிக்கென்று தனியாக ஒரு கட்டம், அதிலும் இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண். மாலையில் கடற்கரை மணலில் சடுகுடு. அப்போது அங்கே மணல் இருந்தது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வீட்டுப் பெண்களுக்கு எதுவும் இல்லை. வசதியான குடும்பத்துப் பெண்கள் வெளியே போவதென்றால் பூஸ்பூஸ் என்கிற தள்ளு ரிக்‌ஷாவில் போவார்கள். மற்றவர்கள் வேலையாக நடந்தார்கள். நடப்பதை உடம்புக்கு நல்லது என்று யாரும் சொல்லவில்லை, கால் வலிக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

இந்த ஊரில் பெண்களின் உடற்பயிற்சி என்று வந்தால் ஆசிரமத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆசிரமப் பள்ளி 1943 டிசம்பர் 2-ஆம் தேதி தொடங்கியது. அதோடு உடற்பயிற்சியும் வந்தது. அன்னை அதைப் பாடத்துக்குச் சமமாக வைத்தார். 1949 பிப்ரவரியில் 'உடற்கல்விச் செய்தி மடல்' என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரு காலாண்டிதழே தொடங்கினார்கள். ஸ்ரீ அரவிந்தர் தம்முடைய கடைசிக் கட்டுரைகளை எழுதியது அதில்தான். தத்துவம் எழுதுகிறவர் உடற்பயிற்சிப் பத்திரிகைக்கு எழுதினார் என்பதை என் நண்பர்கள் பலர் இன்றும் நம்புவதில்லை. அன்னை எழுபது வயதுக்குப் பிறகும் கடலையொட்டிய திடலில் டென்னிஸ் ஆடினார். ஊரில் உள்ள பெரியவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி வியப்பார்கள்.

வியப்பு ஒரு பக்கம் என்றால் முகச்சுளிப்பு இன்னொரு பக்கம். பெண்பிள்ளைகளும் அரைக்கால் சட்டை போட்டு ஓடினார்கள், தாண்டினார்கள், கம்பியில் தொங்கினார்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு நிறச் சட்டை. தலைமுடியை ஒரு சின்னத் துணித் தொப்பிக்குள் அடக்கிக்கொள்வார்கள். அந்தப் பெண்கள் சைக்கிளில் எங்கள் தெரு வழியாகப் போனால் திண்ணைகளில் பேச்சு நின்றுவிடும். டிசம்பர் 2-ஆம் தேதி நடக்கும் உடற்பயிற்சிக் காட்சிக்கு அப்பாவுக்கு யாரோ அனுமதிச் சீட்டு கொடுத்து, நான் ஒருமுறை போனேன். திரும்பி வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் கேட்டுவிட்டு, "அவுங்கள்லாம் ஒரு வயசுல ஓடுவாங்களா, இல்ல எல்லா வயசுலயுமா?" என்று கேட்டாள். எல்லா வயதிலும் என்றேன். "அப்படியா" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை.

ஆசிரமத்தின் இந்த வழி ஊருக்குள் பரவிற்றா என்றால், இல்லை என்பதுதான் என் கணிப்பு. திடலும் குளமும் கருவிகளும் அங்கே வாழ்கிறவர்களுக்காக. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் பார்வையாளர்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தலை நரைத்த பெண் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று இந்த ஊர் மற்ற ஊர்களுக்கு முன்னாலேயே பழகிவிட்டது.

இன்னொரு பக்கம் பூல் ஆட்டம். நம் ஊர்ச் சொல்தாக்கள் பிரான்சிலிருந்து பென்ஷனோடு கொண்டுவந்த பொருள்களில் இதுதான் உருப்படியானது என்று என் மைத்துனர் கேலி செய்வார். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி ஒப்படைப்பு முடிந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சுமார் ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். ராணுவத்தில் இருந்தவர்கள் பணி முடிந்து ஊர் திரும்பியபோது இரும்பு உருண்டைகளும் கூடவே வந்தன. சாயங்காலம் மர நிழலில் புழுதித் தரையில் 'தக்' என்று உருண்டை மோதும் சத்தம் கேட்டால், அங்கே முன்னாள் சொல்தாக்கள் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த ஆட்டம் பிறந்த கதை நம் வயதுக்காரர்களுக்குப் பிடிக்கும். மார்செய் பக்கத்தில் லா சியோத்தா என்று ஒரு துறைமுக ஊர். அங்கே பழைய பூல் ஆட்டத்தில் சில எட்டு ஓடிவந்துதான் உருண்டையை வீச வேண்டும். ழூல் என்ற பழைய ஆட்டக்காரருக்கு வாதம் வந்து கால் பிடித்துக்கொண்டது. ஓட முடியவில்லை. ஆட்டத்தை விடவும் மனமில்லை. அவருக்காக 'நின்ற இடத்தில் நின்று, இரண்டு காலையும் ஊன்றி வீசினால் போதும்' என்று விதியை மாற்றினார்கள். முதல் போட்டி 1910-இல் நடந்தது. பெத்தாங்க் என்ற பெயருக்கே 'கால்களை ஊன்றி' என்றுதான் பொருள். உருண்டை 650 முதல் 800 கிராம் வரை. சின்ன மரக்குண்டை ஆறு மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்குள் எறிந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் யார் உருண்டை போய் நிற்கிறது என்று பார்ப்பது. பதின்மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை குனிந்து நிமிர்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். காந்தம் கட்டிய கயிற்றால் உருண்டையை எடுக்கிற சோம்பேறிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முடியாதவனை வெளியே அனுப்பாமல் விதியை அவனுக்காக வளைத்தார்களே, அதற்காகவே எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஒரு மரியாதை.

மற்றவர்கள், அதாவது குமாஸ்தாக்கள், ஆலைத் தொழிலாளிகள், ஆசிரியர்கள், எல்லோரும் சைக்கிள். 1970-களில் நான் வேலையில் சேர்ந்தபோது அலுவலக வாசலில் ஒரே ஒரு ஸ்கூட்டர்தான் நிற்கும், அதுவும் மேலதிகாரியுடையது. காலையில் போய், மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்து, திரும்பப் போய், மாலை திரும்பி வந்தால் நான்கு நடை ஆயிற்று. யாருக்கும் தொந்தி இல்லை. உடற்பயிற்சி என்று அதற்குப் பெயர் வைக்காததால் விட்டுவிடுவதும் சுலபமாக இருந்தது. மொபெட் வந்தது, பிறகு ஸ்கூட்டர், பிறகு கார். வண்டிக்கு நம் ஊரில் வரி குறைவு, தவணையும் கிடைத்தது. 1990-களில் என் சைக்கிளும் மாடிப்படிக்கு அடியில் போயிற்று. பத்து வருஷத்தில் என் பிரிவில் இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்குச் சர்க்கரை. நானும் அந்த ஐந்தில் ஒருவன்.

இந்த இடத்தில் நான் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

1980-களின் தொடக்கம். நான் அப்போது இருந்த அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. ஒரு தெருவில் இருந்த பெண்கள் எழுதியது. தங்கள் பகுதியில் உள்ள பூங்காவின் கதவைக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்துவிட வேண்டும், விடிந்தால் வீட்டு வேலை வந்துவிடுகிறது, டாக்டர் நடக்கச் சொல்கிறார், தெருவில் நடந்தால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், ஆகவே தயவு செய்ய வேண்டும் என்று. பதினோரு கையெழுத்து, இரண்டு கைநாட்டு. நீலமசியில் ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுதியிருப்பாள் போலிருந்தது, எழுத்து அத்தனை ஒழுங்கு.

குறிப்பு எழுத வேண்டியவன் நான். 'காவலரின் பணி நேரத்தை மாற்ற விதிகளில் இடமில்லை. இதற்கு முன்னுதாரணமும் இல்லை. ஏற்றுக்கொண்டால் மற்றப் பகுதிகளிலிருந்தும் இதேபோல் கோரிக்கைகள் வரக்கூடும்' என்று மூன்று வாக்கியம் எழுதி மேலே அனுப்பினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. நல்ல குறிப்பு என்று மேலதிகாரி பாராட்டினார். கோப்பு முடிந்தது. மற்றப் பகுதிகளிலிருந்தும் கோரிக்கை வருமாம்! வந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு அது ஒரு பெரிய ஆபத்து மாதிரித் தோன்றியது. அம்மா அந்த வருஷம் உயிரோடு இருந்தாள், முழங்கால் வீங்கி, கூடத்திலிருந்து சமையலறைக்கு நடப்பதே பாடாக. அவளையும் அந்த மனுவையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

கடற்கரைச் சாலைக்கு வருகிறேன். மாலையில் மூடி, காலை ஏழரை மணி வரை வண்டி போகக் கூடாது என்ற ஏற்பாடு வந்தபோது முதலில் முணுமுணுத்தவர்களில் நானும் உண்டு. சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வண்டிகள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று ஆன பிறகு அங்கே நடந்தது என்ன? புதிதாக எதுவுமே கட்டவில்லை. தூண்களும் காந்தி சிலையும் ஏற்கெனவே இருந்தன, பழைய கலங்கரை விளக்கம் 1836-இலிருந்து அங்கேதான் நிற்கிறது, போர் நினைவுச் சின்னம் 1938-இலிருந்து. ஒரு தடுப்பை இழுத்து வைத்தார்கள், ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்ளான ஒரு தெரு மறுபடி 'கூர்' ஆகிவிட்டது. கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, சீருடை இல்லை, யாரிடமும் மனு கொடுக்க வேண்டியதும் இல்லை.

2007-இல் என் மனைவிக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். அவளுக்கு வயது 53. புடவையோடு செருப்புப் போட்டுக்கொண்டு முதல் நாள் என்னோடு வந்தாள். எனக்குப் பின்னால் பத்தடி தள்ளியே நடந்தாள். தெரிந்தவர்கள் எதிரே வந்தால், ஏதோ வேலையாகப் போகிறவள் மாதிரி நடையை வேகப்படுத்துவாள். கையில் ஒரு காலிப் பை வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா போறோம்னு நெனைக்கக் கூடாதுல்ல" என்றாள்.

அந்தப் பை மூன்று மாதம் வந்தது. பிறகு ஒருநாள் வரவில்லை. அவளைப்போலவே நடக்க வந்த ஐந்தாறு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி மீன் விற்கிறவள், ஒருத்தி ஓய்வுபெற்ற நர்ஸ், ஒருத்தி சொல்தா வீட்டு அம்மாள், அவர் 'போன்ழூர்' சொல்லாமல் யாரையும் தாண்டுவதில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் இவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். அந்த நர்ஸ் அம்மாள்தான் செருப்போடு நடந்தால் குதிகால் போய்விடும் என்று அதட்டி, கேன்வாஸ் ஷூ வாங்க வைத்தார். கடைக்காரப் பையன் "பாட்டிக்கா சார்?" என்று கேட்டான். "பாட்டிக்குத்தான், உனக்கு இல்ல" என்றாள் இவள். அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது, இனி இவள் நடப்பாள் என்று. நான் எழுதிய அந்த மூன்று வாக்கியமும் அன்றைக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மணலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்பு போட்டார்கள். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். தடுப்பு அதை நிறுத்திவிட்டது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே ஊருக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் கொண்டுபோயிற்று. சாலையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். நாங்கள் சடுகுடு ஆடிய இடம் கல்லுக்கு அடியில் போயிற்று. ஒரு துறைமுகம் ஒரு தலைமுறைப் பையன்களின் மைதானத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு எந்தக் கோப்பிலும் நஷ்டஈட்டுக் கணக்கு கிடையாது. 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. வந்த மணலில் முதல் வாரமே பையன்கள் பந்து விளையாடினார்கள்.

விளையாட்டரங்கங்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டு வளாகம், ராஜீவ் காந்தி உள்விளையாட்டரங்கம் இரண்டும் இருக்கின்றன. 2021 பிப்ரவரி 25-ஆம் தேதி பிரதமர் வந்தபோது, இடிந்து விழுந்து புதிதாகக் கட்டிய நம் மேரிக் கட்டடத்தைத் திறந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே நாளில் உப்பளத்தில் 400 மீட்டர் செயற்கை ஓடுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதும், லாஸ்பேட்டையில் விளையாட்டு வீராங்கனைகளுக்காக நூறு படுக்கைகள் கொண்ட விடுதியைத் திறந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்காது. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த விடுதிதான். ஊர்ப்புறத்துப் பெண்பிள்ளை ஓட வேண்டுமென்றால் முதலில் அவள் தங்க ஓர் இடம் வேண்டும். ஆனால் அரங்கம் திறமை உள்ளவர்களுக்கு. திறமை இல்லாத, மூச்சு வாங்குகிற, முழங்கால் கடகடக்கிற பெரும்பான்மையான நமக்குத் தெருதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாலை ஊரின் ஒரு ஓரத்தில் இருக்கிறது. முத்தியால்பேட்டைக்காரரும் முதலியார்பேட்டைக்காரரும் நடப்பதற்காக ஸ்கூட்டரில் வருகிறார்கள். காலை ஐந்தரைக்குப் பக்கத்துத் தெருக்களில் வண்டிகள் அடைந்து நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். லாஸ்பேட்டையில் ஹெலிபேட் மைதானம் இருப்பதால் அந்தப் பக்கத்தவர் தப்பித்தார்கள். தாவரவியல் பூங்கா 1826-இல் வந்தது, அங்கே நடந்தால் மர நிழலும் கிடைக்கும். மற்றப் பேட்டைகளில் நடைபாதை என்பது கடைக்காரரின் பலகை போடும் இடம். அங்கே இருக்கிற பெண்ணுக்கு இன்றும் கையில் காலிப் பை தேவைப்படும். பூங்காக்களில் நீலமும் மஞ்சளுமாய் இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள், நல்லதுதான், பாதியில் குழந்தைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். சனி, ஞாயிறு மாலையில் கடற்கரைச் சாலையில் வெளியூர்க் கூட்டத்தில் நடப்பது என்பது தேர் இழுக்கிற மாதிரி. உள்ளூர்க்காரர்களுக்கு விடியற்காலைதான் மிச்சம்.

அந்த விடியற்காலையும் ஒருமுறை போயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அதே தடுப்பை இந்தத் தடவை எங்களுக்கு எதிராக வைத்தார்கள். நியாயமான காரணம்தான். மனைவி மொட்டை மாடியில் நடந்தாள். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பதினாறு எட்டு. பத்து நாளில் தலை சுற்றுகிறது என்று நிறுத்திவிட்டாள். மூன்று மாதத்தில் சர்க்கரை ஏறிற்று, மருந்து கூடிற்று. அதைவிட, அந்த ஐந்தாறு பெண்களையும் பார்க்க முடியவில்லை என்பதுதான் அவளை வாட்டிற்று. திரும்பத் திறந்தபோது அவர்களில் ஒருவர், அந்தப் போன்ழூர் அம்மாள், இல்லை. அவர் உட்காருகிற சிமெண்ட் திண்ணையில் ஒரு வாரம் யாரும் உட்காரவில்லை.

இப்போது என் பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து துய்ப்ளே சிலை வரை ஓடுகிறாள், திரும்பி ஓடி வந்து எங்களைத் தாண்டும்போது "தாத்தா, இன்னும் இங்கதானா?" என்கிறாள். பாட்டியை அப்படிக் கேட்பதில்லை. பாட்டி என்னைவிட முன்னால் போய்விடுகிறாள்.

மேலே எழுதியதை இன்று காலை அவளிடம் படித்துக் காட்டினேன். மனு விஷயம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். "எந்தத் தெருங்க அது?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு மழை இல்லன்னா அஞ்சேகாலுக்குக் கிளம்பணும். ஏழரைக்கு வண்டி விட்டுடுவான்" என்று சொல்லிவிட்டு, ஈரமாக இருந்த ஷூவை எடுத்து வெயிலில் வைத்தாள்.